காட்டின் விளிம்பில் குதிரைகளுடன் முகாமிடுவது பற்றி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அகஸ்டா என்னும் சிற்றூரிலிருந்து மேற்கே ராக்கி மலைகளுக்குள் செல்லும் சரளைச் சாலை பெஞ்ச்மார்க் என்ற இடத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் இருப்பது பாப் மார்ஷல் வனப்பகுதி. வடக்கே கிரேட் பேர், தெற்கே ஸ்கேப்கோட் என்னும் இரு வனப்பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சாலைகூடக் கிடையாது. 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டம் காத்துவரும் நிலம் இது. எல்லைப் பலகையைத் தாண்டிவிட்டால் மோட்டார் வண்டி மட்டுமல்ல, மிதிவண்டியும் கூடாது. இயந்திர ரம்பமும் கூடாது. பாதையின் குறுக்கே விழுந்த மரத்தை அகற்றச் செல்லும் வனத்துறைப் பணியாளர்கள்கூட, இருவர் இரு முனையைப் பிடித்து இழுக்கும் நீண்ட கைரம்பத்தைக் கோவேறு கழுதையின் முதுகில் ஏற்றிக்கொண்டுதான் போகிறார்கள்.

அந்த எல்லைக்குச் சற்று வெளியே, சாலை முடியும் இடத்தில் கூடாரமடித்து, பகலில் குதிரையேறி உள்ளே சென்று, மாலையில் திரும்பி வருவதையே நாங்கள் பல கோடைகளாக வழக்கமாக வைத்திருக்கிறோம். ஆழமாக உள்ளே சென்று தங்கினால்தான் காட்டைப் பார்த்ததாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. சீனச்சுவர் என்று பெயர் பெற்ற, ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்தை விளிம்பிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியாது என்பதும் உண்மைதான். ஆனாலும் குதிரைகளோடு முதன்முதலாகக் கிளம்புகிறவர்களுக்கு நான் விளிம்பு முகாமையே பரிந்துரைப்பேன். குதிரையோடு செல்லும் பயணத்தில் கடினமான பகுதி சவாரி அன்று, இரவு. புதிய இடத்தில், புதிய வாசனைகளுக்கு நடுவே, 450 கிலோ எடையுள்ள விலங்கொன்று பத்து மணி நேரம் அமைதியாக நின்று, தின்று, குடித்து, சிறிது உறங்கி விடிய வேண்டும். அதற்கு வழி செய்யப் பழகும் வரையில், குதிரைகளை ஏற்றிவந்த ட்ரெய்லரும் சாலையும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது பெரிய ஆறுதல்.

ஆகவே முகாமுக்கு இடம் பார்க்கும்போது கூடாரத்துக்கு ஏற்ற சமதரையைத் தேடாமல், குதிரைகளைக் கட்டும் இடத்தை முதலில் தேடுகிறோம். நீரோடையிலிருந்து குறைந்தது 60 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; சாணமும் சிறுநீரும் நீரில் கலக்கக் கூடாது என்பதோடு, ஓடைக்கரையின் ஈர மண் குளம்புகள் பட்டால் ஒரே இரவில் சேறாகிவிடும். புல் செழித்த இடத்தைவிடக் கல்லும் சரளையும் கலந்த கெட்டித் தரை மேலானது. சற்றே சரிவாக இருந்தால் மழைநீர் தேங்காது. அண்ணாந்து பார்ப்பதும் இதில் அடக்கம். 1988ஆம் ஆண்டின் கேன்யன் க்ரீக் தீ இந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பரப்பை எரித்தது. அதன் பின்னும் தீக்கள் வந்திருக்கின்றன. எரிந்து பட்டுப்போய், வேர் இற்று நிற்கும் மரங்கள் காற்றில்லாத நாளிலும் சாயக்கூடியவை. அவற்றின் உயரத்துக்குள் அடங்கும் வட்டத்தில் குதிரையும் நிற்கக் கூடாது, மனிதரும் படுக்கக் கூடாது.

குதிரையை மரத்தோடு நேராகக் கட்டுவது பலரும் செய்வது. அதைப் போலக் காட்டுக்குக் கேடு வேறில்லை. சலிப்படைந்த குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், பட்டையைக் கடிக்கும். வேர்கள் வெளிப்பட்டு, கயிறு அறுத்த வளையத்துக்கு மேலே மரம் காய்ந்துபோவதற்கு இரண்டு மூன்று கோடைகள் போதும். எங்கள் முகாமுக்கு அருகிலேயே அப்படிப் பட்டுப்போன இரண்டு ஊசியிலை மரங்கள் நின்றன. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் ஆழப் பள்ளமும் அதில் எலும்புபோல வெளுத்த வேர்களும் இருந்தன. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாற்றாகக் குதிரைக்காரர்கள் செய்வது ஹைலைன். உறுதியான இரண்டு உயிர்மரங்களுக்கிடையே, ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில், அதாவது 2 மீட்டருக்குக் குறையாமல், ஒரு தடித்த கயிற்றை இழுத்துக் கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு குதிரையின் பிடிகயிற்றையும் தொங்கவிடுவதுதான் அது. மரத்தைச் சுற்றிக் கயிறு படக் கூடாது. நான்கு விரல் அகல நாடாப்பட்டையைச் சுற்றி, அதன் வளையத்தில்தான் கயிற்றை மாட்ட வேண்டும். குதிரைகளுக்கிடையே குறைந்தது இரண்டரை மீட்டர் இடைவெளி விட்டு, பிடிகயிறு நகர்ந்துவிடாதபடி முடிச்சோ வளையமோ போட வேண்டும். மரத்துக்கு மிக அருகில் எந்தக் குதிரையும் வராமல் இரு முனையிலும் இடம் விடுவது அவசியம்.

இதில் எல்லாமே பிடிகயிற்றின் நீளத்தில் இருக்கிறது. குதிரை தலையைத் தாழ்த்தினால் மூக்கு தரையிலுள்ள புல்லைத் தொட வேண்டும். அதற்கு மேல் ஒரு சாண்கூடத் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் முன்னங்கால் கயிற்றுக்கு மேலே வந்துவிடும். திடுக்கிட்ட குதிரை பின்னுக்கு இழுக்கும்போது, குளம்புக்கு மேலுள்ள மென்மையான மடிப்பில் கயிறு தோலை உரித்துவிடும். அந்தக் காயம் ஆற வாரக்கணக்காகும். இன்னொரு பக்கம், மிகக் குட்டையாகக் கட்டினால் குதிரையால் படுக்க முடியாது. குதிரை நின்றபடியே தூங்கும் என்பது பாதி உண்மை. கால் மூட்டுகளைப் பூட்டிக்கொண்டு நின்று கண்ணயர முடியும். ஆழ்ந்த உறக்கத்துக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரமாவது அது படுத்தாக வேண்டும். ஓரிரு இரவுகள் படுக்காமல் சமாளித்துவிடும். அதற்கு மேல் தங்கினால் கம்பி வேலி போட்ட அடைப்போ, பேட்டரியில் இயங்கும் மின்வேலியோ தேவைப்படும். மின்வேலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை வீட்டிலேயே பழக்கியிருக்க வேண்டும். வேலி என்றால் என்னவென்று அறியாத குதிரை, கரடி வாசனை வந்த இரவில் அந்த மெல்லிய நாடாவை ஒரு பொருட்டாக மதிக்காது.

யாரை யாருக்குப் பக்கத்தில் நிறுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். எங்களிடம் ஒரு வயதான பெட்டைக் குதிரையும், செந்நிற ஆண்குதிரை ஒன்றும், இன்னும் முதிராத சாம்பல்நிறக் குதிரை ஒன்றும் இருந்தன. பெட்டைதான் கூட்டத்தின் தலைவி. இளையதை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது நிம்மதியாகத் தின்னாது. நடுவில் செந்நிறத்தை நிறுத்தினால் மூன்றும் அமைதியாகிவிடும். மேய விடும்போது முன்னங்கால்கள் இரண்டையும் தோல்பட்டையால் இணைக்கும் தளையைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம்தான், ஆனால் தளை போட்ட குதிரை ஓடாது என்று நம்பிவிடக் கூடாது. பழகிய குதிரை இரு கால்களையும் சேர்த்துத் தூக்கித் துள்ளி ஓடி, நடந்து போகும் மனிதனை எளிதாகப் பின்னே விட்டுவிடும். அதனால் எத்தனை குதிரைகள் மேய்ந்தாலும் தலைவி கட்டப்பட்டிருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டு மற்றவை வெகுதூரம் போகமாட்டா.

தீனிக்கு வருகிறேன். நடுத்தரக் குதிரை ஒன்று ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் தின்னும். 20 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். விளிம்பு முகாமில் புல்லை ட்ரெய்லரிலேயே கொண்டுவந்துவிடலாம். ஆனால் எந்தப் புல்லையும் கொண்டுவந்துவிட முடியாது. இங்குள்ள தேசிய வனங்களில், களைவிதை இல்லையென்று சான்றளிக்கப்பட்ட உலர்புல்லுக்கு மட்டுமே அனுமதி உண்டு. வெளியிலிருந்து வரும் களை ஒருமுறை வேரூன்றிவிட்டால் மலைச்சரிவின் இயல்பான புல்லை அழித்துவிடும். குதிரையின் குடலில் விதைகள் நாட்கணக்கில் உயிரோடு தங்கியிருக்கும் என்பதால், புறப்படுவதற்கு மூன்று நான்கு நாட்கள் முன்பே அந்தப் புல்லுக்கு மாறிவிட வேண்டும் என்பார்கள். நான் பத்து நாட்கள் முன்பே தொடங்கச் சொல்வேன், ஏனெனில் தீனி திடீரென மாறினால் குதிரைக்கு வயிறு கெடும். சிறிது சிறிதாகக் கலந்து மாற்றும்போது காட்டுக்கும் நல்லது, குதிரைக்கும் நல்லது.

குதிரைத் தீனியும் கரடிக்கு உணவுதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இது கிரிஸ்லி கரடிகள் வாழும் மலை. மனிதர் உண்ணும் பொருட்களைத் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்திலும் பக்கவாட்டில் மரத்திலிருந்து 1.2 மீட்டர் விலக்கியும் தொங்கவிட வேண்டும், அல்லது கரடி திறக்க முடியாத பெட்டியிலோ பூட்டிய வண்டியிலோ வைக்க வேண்டும் என்பது வனத்துறையின் ஆணை. தானியமும் வெல்லப்பாகு சேர்த்த தீவனக் குருணையும் அதே ஆணைக்கு உட்பட்டவை; எதுவும் கலக்காத உலர்புல் கட்டுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. இரும்புச் சுவருள்ள ட்ரெய்லர் அறை இங்கே மிகவும் உதவும். இரவு தீனி கொடுத்த வாளியைக் கழுவி உள்ளே வைக்கும் வரை அன்றைய வேலை முடிந்ததாகாது.

தண்ணீர் விஷயம்தான் எனக்கு மிகுந்த கவலை தருவது. வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குப் பழகிய குதிரை, பனியுருகிப் பாயும் ஓடையருகே கொண்டுபோய் நிறுத்தினால் மூக்கைச் சுழித்துத் திரும்பிவிடும். ஓடையின் இரைச்சலும் காலடியில் உருளும் கற்களும் அதற்குப் பிடிப்பதில்லை. செந்நிறக் குதிரை அப்படித்தான். ஒரு ஆகஸ்டு மாதம், மலையில் திடீரென்று குளிர் இறங்கி உச்சிகளில் பனி விழுந்த நாளன்று, அது வாளியில் வைத்த நீரையும் மோந்துவிட்டுத் தள்ளியது. மறுநாள் மாலை புல்லையும் தின்னாமல் நின்றது. இரவு இரண்டு மணி அளவில் தரையைப் பறிக்கும் ஓசை கேட்டு எழுந்து விளக்கடித்துப் பார்த்தபோது, அது தலையைத் திருப்பித் தன் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தது, மேலுதடு சுருண்டிருந்தது, பின்கால்களை மடக்கிப் படுக்க முயன்று, கயிறு தடுக்க, மீண்டும் எழுந்தது. சாணம் போட்ட இடத்தில் காய்ந்து இறுகிய சிறு உருண்டைகள் கொஞ்சமே கிடந்தன.

குதிரைக்கு வயிற்றுவலி என்பது மனிதருக்கு வருவது போன்றதன்று. அதனால் வாந்தியெடுக்க முடியாது. குடல் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. நலமான குதிரையின் நாடி ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடையெலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் கிடைக்கும். செந்நிறத்துக்கு அன்று 52 இருந்தது. விலாவுக்குப் பின்னால் காதை வைத்தால் இரு பக்கமும் நீரோட்டம் போன்ற குடல் இரைச்சல் கேட்க வேண்டும். வலப்பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். சற்றுத் தாமதமாகச் சிவந்தது, தொட்டால் ஒட்டியது. உடலில் நீர் குறைந்திருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

இத்தகைய நேரத்துக்கென்று எங்கள் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே எழுதிக்கொடுத்திருந்த வலிநிவாரணிப் பசையை, அவர் குறித்திருந்த அளவுப்படி நாக்கின் பின்பகுதியில் பிதுக்கினோம். தீனியை முற்றாக எடுத்துவிட்டு, மெதுவாக நடத்தினோம். வலி குறைந்தாற்போல் தெரிந்தாலும் அதை நம்பிக் காத்திருக்கவில்லை. மருந்து வலியை மறைக்குமே தவிர அடைப்பை நீக்காது. விடிவதற்குள் ட்ரெய்லரில் ஏற்றி, கைபேசிக்கு அலைவரிசை கிடைத்த முதல் மேட்டில் மருத்துவரை எழுப்பினோம். அவர் மூக்கு வழியாக வயிற்றுக்குள் குழாய் செலுத்தி நீரும் கனிம எண்ணெயும் ஊற்றிய பிறகு, அன்று பிற்பகலில் அது சாணம் போட்டது. அதே குதிரை எல்லைக்கு உள்ளே ஒரு நாள் சவாரித் தொலைவில் நின்றிருந்தால், நடந்தே வெளியே வர வேண்டியிருந்திருக்கும். விளிம்பில் தங்கச் சொல்வதற்கு என்னிடம் இதைவிட வலுவான காரணம் கிடையாது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்வது எளிது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தீனியில் உப்பு சேர்க்கிறோம். வீட்டிலேயே வாளித் தண்ணீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்குகிறோம். முகாமில் அதே சாற்றைக் கலந்தால் நீரின் அயல் வாசனை மறைந்துவிடும். குளிர் நாளில் புல்லை நனைத்தே கொடுக்கிறோம். ஒவ்வொரு குதிரை குடித்த வாளிகளையும் ஒரு தாளில் எழுதிவைக்கிறோம். தூக்கக் கலக்கத்தில் ‘நேற்று குடித்ததா’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதைவிட அந்தத் தாள் நம்பகமானது.

சவாரியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சூரியன் எழும்போதே கிளம்பி, பிற்பகல் இரண்டுக்குள் மேட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். கோடை மாலைகளில் இடியும் மின்னலும் மலைமுகட்டில்தான் முதலில் இறங்கும். பனியுருகும் ஜூன், ஜூலை மாதங்களில் ஓடைகள் விடியற்காலையில் தாழ்ந்தும், வெயிலேற ஏறப் பெருகியும் ஓடும். காலையில் குதிரையின் முழங்கால் நனைந்த இடம் மாலையில் வயிற்றைத் தொடலாம் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் திரும்பும் வழியைத் தீர்மானிக்க வேண்டும். ஆகஸ்டில் நிலத்துக்கடியில் கூடு கட்டும் குளவிகள் இருக்கின்றன. முதல் குதிரை கூட்டை மிதித்துக் கலைக்கும். கொட்டு வாங்குவது பின்னால் வருபவை. அப்போது நிற்காமல் எல்லோரும் வேகமாக முன்னேறிவிட வேண்டும். ஏற்றும் எடை, சவாரி செய்பவரையும் சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு அது 90 கிலோ. பொதிக்குதிரையாக இருந்தால் இரு பக்கப் பைகளையும் கைத்தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். ஒரு கிலோ வித்தியாசம் இருந்தாலும் சேணம் ஒரு பக்கமாக நழுவி முதுகைத் தின்னும்.

முதுகைப் படிக்கக் கற்றுக்கொள்வது இவை எல்லாவற்றிலும் பயனுள்ளது. திரும்பி வந்ததும் சேணத்தை உடனே கழற்றாமல், வயிற்றுப் பட்டியை மட்டும் இரண்டு துளை தளர்த்திச் சிறிது நேரம் விடுகிறோம். அழுத்தப்பட்டிருந்த தோலுக்கு இரத்தம் மெல்லத் திரும்ப வேண்டும். பிறகு சேணத்தையும் விரிப்பையும் ஒன்றாகத் தூக்கியதும் முதுகு முழுவதும் வியர்வையில் கறுத்து நனைந்திருக்க வேண்டும். ஒருமுறை சாம்பல்நிறக் குதிரையின் தோள் மேட்டுக்கு இடப்பக்கம், உள்ளங்கை அளவில் ஓர் இடம் மட்டும் உலர்ந்து, மயிர் படியாமல் வெளிறி நின்றது. நனைந்த முதுகில் உலர்ந்த திட்டு என்றால், வியர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவுக்கு அந்த இடத்தைச் சேணம் நசுக்கியிருக்கிறது என்று பொருள். மறுநாள் காலை விரலால் தடவியபோது அதே இடம் வீங்கிச் சூடாக இருந்தது. தொட்டதும் தோல் துடித்தது. அந்தக் குதிரைக்கு அத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டோம், எஞ்சிய நாட்களில் ஒருவர் முறைவைத்து முகாமிலேயே தங்கினார். குதிரைகளின் முதுகில் காணப்படும் வெள்ளை மயிர்த் திட்டுகளில் பலவும், யாரோ இந்த வீக்கத்தைப் பார்த்த பிறகும் சேணமேற்றியதன் தழும்புகள்.

லாடம் குறித்து ஒரு வரி. பயணத்துக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு லாடம் அடித்திருப்பது நல்லது. முந்தைய நாள் அடித்தால் ஆணி ஏதேனும் உறுத்துகிறதா என்பது மலையில் போய்த்தான் தெரியவரும். கழன்றுவிட்டால் மாட்டுவதற்கு, அளவு பார்த்து வாங்கிய ரப்பர்க் குளம்புறை ஒன்று சேணப்பையில் இருக்க வேண்டும்.

இரவில் குதிரைகளின் காதுகள்தாம் எங்களுக்குக் காவல். மங்கிய ஒளியில் அவை நம்மைவிடத் தெளிவாகப் பார்க்கும். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ முழு வட்டத்தையும் பார்வைக்குள் வைத்திருக்கும். ஒன்று மட்டும் காதை நிமிர்த்தினால் மான் அல்லது பக்கத்து முகாமின் நாய். மூன்றும் ஒரே திசையில் காதைக் குவித்து, மெல்லுவதை நிறுத்தி, தலைவி மூக்கால் ஊதினால் கரடி விரட்டும் தெளிப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு, உரக்கப் பேசியபடி அவற்றின் பக்கத்தில் போய் நிற்பது வழக்கம். பெரும்பாலும் எதுவும் வெளிப்படாது. ஆயினும் பழகிய குரல் அருகில் கேட்டால் அவை கயிற்றை இழுப்பதை நிறுத்திவிடும்.

கிளம்பும் நாளுக்கு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். சாணத்தைக் குவியலாக விடாமல் வெயில் படும் இடத்தில் உதைத்துப் பரப்பினால் விரைவில் காய்ந்து ஈ அண்டாது. சாலை முடியும் முகாமாக இருந்தால் வாரி எடுத்துச் செல்வதே முறை. பறித்த பள்ளங்களை மூடி, சிந்திய புல்லைக் கூட்டி, நாடாப்பட்டை கட்டிய மரங்களின் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைச் சுருட்ட வேண்டும். ட்ரெய்லரில் ஏற்றிய பின் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வீடு சேர்ந்த அன்றும் மறுநாளும் முதுகு, குளம்பு, கால் மடிப்பு, பிடரியின் அடியில் ஒட்டியிருக்கும் உண்ணி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மீதமிருக்கும் சான்றுபெற்ற புல்லையே இன்னும் சில நாட்கள் கலந்து கொடுத்து, பழைய தீனிக்கு மெல்ல மெல்லத் திரும்புங்கள்.